ஒன்பதாவது விடை

விடை எட்டு வகை என்று
பள்ளிக்கூடத்தில் மனனம் செய்தேன்.
ஒன்பதாவதை
சிட்னி மெக்குவாரி வீதியில்
காதில் ஹெட்ஃபோனோடு கற்றுக்கொண்டேன்.

என் வேலை பதிவேடு.
பேசியதைப் பேசியபடி எழுதவேண்டும்.
'ம்ம்', 'வந்து', இருமல், தும்மல்
எல்லாவற்றையும் கழித்துவிடலாம்.
ஒருமை பன்மை பிசகினால் ஒட்டலாம்.
பொய்யை மட்டும் தொடக்கூடாது,
அது பேசியவருடைய சொத்து.

இன்று போக்குவரத்து.
அந்தப் பக்கம் அமைச்சர் வின்டர்பர்ன்,
இடமும் வலமும் அதிகாரிகள் நால்வர்,
நிறநிறமாய் நாக்கு நீட்டும் கோப்பு.
இந்தப் பக்கம் உறுப்பினர் ரொசாலியா கொலூச்சி.
கையில் ஒரே தாள்,
அதிலும் தேநீர்க் கறை.

"டூங்காபி பஸ்
இரவு ஏழுக்குப் பிறகு எங்கே போயிற்று?"

அமைச்சர் புதிய ரயில்பாதை
எத்தனை கிலோமீட்டர் என்று சொன்னார்.
பஸ்ஸைக் கேட்டால் ரயிலைச் சொல்வது
இனமொழி விடை.
குற்றமில்லை, இலக்கணத்தில் இடமுண்டு.

"நான் கேட்டது பஸ்ஸை."

"முந்தைய அரசாங்கம் இதே கேள்வியை..."
குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி
டையின் நுனியால் துடைத்தார்.

"சேவை மறுசீரமைக்கப்பட்டது."
யாரால்?
வாக்கியத்துக்குள் ஆளைக் காணோம்.
என் மொழியில்
ஆள் ஒளிந்துகொண்டாலும்
வினைமுற்றின் வாலைப் பிடித்து இழுத்தால்
நானோ நீயோ அவனோ வெளியே வந்து விழுவோம்.
இங்கே வாலைப் பிடித்தேன்,
சேவைதான் வந்தது,
தன்னைத்தானே வெட்டிக்கொண்டதுபோல.
முழுப் பூசணியை மறைக்க
இந்த அறையில் சோறு தேவைப்படுவதில்லை.

கொலூச்சி கடிதத்தை வாசித்தார்:
"என் பெயர் மெலே டவுபெய்.
ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை.
ஒன்பது இருபதுக்கு முடிகிறது.
ஐம்பது நிமிடம் நடை.
பயத்துக்கு மகனோடு ஃபோனில் பேசிக்கொண்டே போவேன்.
பேட்டரி செத்துவிட்டால்
பேசுவதுபோல் நடிப்பேன்.
நடுவில் சிரித்தும்வைப்பேன்,
அப்போதுதான் நம்புவார்கள்."

"அமைச்சரே,
அந்த நிறுத்தத்தை நீங்கள் பார்த்ததுண்டா?"

அதிகாரி ஒருவர் மஞ்சள் தாளை நகர்த்தினார்.
இன்னொருவர் அதைத் திரும்ப நகர்த்தினார்.
என் திரையில் பதினொரு நொடி ஓடியது.

"குறித்துக்கொண்டு, பின்னர் பதில் தருகிறேன்."

இதுதான் ஒன்பதாவது.
எழுத்தில் வர இருபத்தொரு நாள்.
அடைவைத்த கோழிமுட்டை
அதற்குள் பொரிந்துவிடும்.

அந்தப் பதினொரு நொடியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.
குளிரூட்டியின் இரைச்சல்,
பேனா மூடி இரண்டு தடவை,
யாருடைய வயிறோ ஒருமுறை.
'குறுக்கீடு' என்று எழுத விதி உண்டு,
'அமளி' என்று எழுத உண்டு.
மௌனத்துக்கு எதுவுமில்லை.
கேள்விக்குக் கீழே பதில்
ஒட்டிக்கொண்டு நிற்கும்,
உடனே சொன்னதுபோல.

பதிலுக்கு முன் அவர் இழுத்த 'வந்து'வை
இன்று நீக்காமல் விட்டேன்.
மேற்பார்வையாளர் கெவிட் அதைக் கண்டு
நீக்கினார். கோபமில்லை.
"களைத்துப்போயிருப்பாய்,
வீட்டுக்குப் போ" என்றார்.

ஒன்பதரை இருக்கும்.
ஆஸ்பத்திரிச் சிக்னலில் கார் நின்றது.
ஓர் அம்மா
ஃபோனைக் காதில் அழுத்தி
உரக்கச் சிரித்தபடி நடந்து போனார்.
போன மாதமும் பார்த்திருக்கிறேன்.
இந்த நேரத்தில் யாரோடு
இவ்வளவு கும்மாளம் என்று
நினைத்ததும் ஞாபகமிருக்கிறது.

பச்சை விழுந்தது.
பின்னால் ஹார்ன்.
பக்கத்து இருக்கையில்
என் கைப்பையும் ஒரு மழைச்சட்டையும்.

நிறுத்தினாயா என்று என்னைக் கேட்க
எந்தக் குழுவும் கூடப்போவதில்லை.
கேட்டால்,
எட்டில் இரண்டாவது:
மறை.