மூன்று சாய்கோடு

கொருக்குப்பேட்டை கேட் விழுந்தால்
இருபது நிமிஷம் எங்களுக்கு வியாபாரம்.
பைக்கை அணைத்துவிட்டு உள்ளே வருவார்கள்,
ஆதார் நகல், பான் நகல்,
ஒன்றும் இல்லாதவர்களுக்கு ஃபேன் காற்று.

ஜபருல்லா பாய் வாங்கிப்போட்ட கம்ப்யூட்டர்
ரிச்சி தெருவில் யாரோ கழித்தது.
காசு கேட்காத சிஸ்டம் ஏற்றியிருக்கிறது.
ஜன்னலின் பக்கப்பட்டை ஒருநாள் காணாமல்போய்
திரும்பி வரவேயில்லை.
அதனால் விலாசங்கள் எனக்கு மனப்பாடம்:
டிராஷ், முக்காற்புள்ளி, மூன்று சாய்கோடு, எண்டர்.
ரீசண்ட்டுக்கும் அதே மூன்று சாய்கோடு.
நெட்வொர்க்குக்கும்
(போய்ப் பார்த்திருக்கிறேன், அங்கே யாருமில்லை).

இந்த இடங்களுக்கு டிஸ்கில் தனி அறை கிடையாது,
பழைய எண் புதிய எண் கிடையாது.
பேரைச் சொன்னால் திறக்கும்.
தண்டையார்பேட்டையில் ஒரு தியேட்டரை இடித்து
அடுக்குமாடி எழுப்பி
பால்கனியில் நைட்டியும் காய்கிறது.
கண்டக்டர் இன்னும் தியேட்டர் பேரைத்தான் கூவுகிறார்.
நாலு பேர் இறங்கவும் செய்கிறார்கள்.
அந்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை, மூணேகால் கூட்ஸ்.
எர்ணாவூர்ப் பையன், ஹெல்மெட்டைக் கழற்றாமலே:
"அக்கா, போன மாசம் இங்கதான் டி.சி. ஸ்கேன் போட்டேன்.
மழையில ஒரிஜினல் பூடுச்சி.
காயவெச்சா எழுத்தே இல்ல, வெறும் சீல்தான் கீது.
நாளைக்கு ஹார்பர்ல கேக்குறாங்க."

ரீசண்ட்டைத் திறந்தேன்.
ஒரு கல்யாணப் பத்திரிகை, ரெண்டு பட்டா,
பாய் வீட்டுக் கரண்ட் பில்.
டிராஷைத் திறந்தேன். வெள்ளை.
அடுத்தவன் காகிதம் நம்மிடம் ராத்தங்கக் கூடாதென்று
தினமும் கடை சாத்துமுன் கொட்டச் சொல்வார் பாய்.

"பென்டிரைவ்ல?"
"பாட்டு ஏத்தசொல்லோ அழிச்சிட்டேங்க்கா.
உள்ள ஒண்ணுமே இல்ல,
ஆனா இடம் இல்லன்னுது. இன்னா எழவோ."

சாவிக்கொத்தோடு நீட்டினான்.
சொருகினேன். டிராஷ் ஜன்னல் திறந்தபடியே இருந்தது.

நான் கொட்டாத குப்பை
காலித் தொட்டியில் ஒவ்வொன்றாய் விழத்தொடங்கியது.
கானா பாட்டு நாற்பது.
பயோடேட்டா, பயோடேட்டா புதுசு, பயோடேட்டா கடைசி,
பயோடேட்டா கடைசி ரெண்டு.
ராயபுரம் பாலத்தில் மஞ்சள் சுடிதார் ஒருத்தி, பதினோரு தடவை.
"ஐய, அத்த பாக்காதக்கா!"

பார்க்கவில்லை.
பதினோரு தடவை என்று எண்ணியதோடு சரி.

பென்டிரைவ் தன் குப்பையைத் தானே சுமக்கும்.
பேருக்கு முன்னால் ஒரு புள்ளி,
அந்தப் புள்ளியால் கண்ணுக்குப் படாது.
ஒரு மாதமாய் அவன் இடுப்பில்
சாவியோடு சாவியாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறது
எசக்கியேல், தகப்பன் பெயர் தேவசகாயம்,
நடத்தை நன்று.

மீட்டெடு என்று ஒரு பொத்தான்.
எங்கே வைப்பது என்று அது கேட்பதில்லை;
எங்கிருந்து வந்ததென்று எழுதி வைத்திருக்கும்.

கலரில் ரெண்டு பிரதி, இருபது ரூபாய்.
வெளியே ஹாரன்கள். கேட் ஏறிவிட்டது.
பிரதியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு
பென்டிரைவைப் பிடுங்கினான், வெளியேற்றச் சொல்லாமலே.

தொட்டி சட்டென்று காலியானது.
நாற்பது பாட்டும் மஞ்சள் சுடிதாரும்
எண்ணூர் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தன.

"குப்பையைக் கொட்டியாச்சா?" என்றார் பாய், சாயங்காலம்.
ஆச்சு பாய், என்றேன்.