நூற்றெண்பது சோம்

தோலோன் கணவாயின் மூன்றாம் வளைவில்
உவாஸ் இருமியது, குலுங்கியது, நின்றது.
பின்னால் எட்டு கேன் குமிஸ்.
குதிரைப்பாலுக்குப் பொறுமை கிடையாது,
வெயில் ஏற ஏறப் புளித்துக்கொண்டே போகும்.

இரண்டு இருக்கைக்கும் நடுவில்தான் இந்த வண்டிக்கு எஞ்சின்.
மூடியைத் தூக்கினேன். பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது.
பம்பின் அடித்துளையிலிருந்து
சொட்டு, மறுபடி சொட்டு,
கொடுத்த கடனைக் கேட்க வந்தவன்
வாசலைவிட்டு நகராதது போல.

சவ்வு கிழிந்துவிட்டது.
வண்டி எண்பத்து நான்கில் பிறந்தது,
நான் எண்பத்தாறில்.
"இருவரில் யாருக்கு அண்ணி உதிரிபாகம் சுலபமாய்க் கிடைக்கும்?"
என்றான் கெனேஷ்பெக்.
கையில் அவன்தான் ஸ்பானர் வைத்திருந்தான்,
அதனால் பதில் சொல்லவில்லை.

இருபது லிட்டர் கேனைக் கூரைமேல் கட்டினோம்.
குழாயை ஜன்னல் வழியாக
நேரே கார்புரேட்டருக்கு இறக்கினோம்.
மேலே இருப்பது கீழே வரும்,
அந்த ஒரு சட்டத்தை நம்பி
நான்கு சக்கரமும் மலையிறங்கின.
குழாயைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவனுக்கு
பிஷ்கெக் வரை சிகரெட் கிடையாது.
கொச்கோரில் நிறுத்திய போலீஸ்காரர்
கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
இரண்டு கிண்ணம் குமிஸ் குடித்தார்,
"மெதுவாப் போங்க" என்றார்.

உதிரிபாகச் சந்தை.
கன்டெய்னருக்குள் கடை, கடைக்குள் இருட்டு.
என் உள்பையில் ஆயிரத்து நூறு சோம்,
அதற்குள்ளேதான்
ஒரு மூட்டை மாவும் மகளின் பள்ளிக் காலணியும் இருந்தன.

புதுப் பம்பு மூவாயிரத்து எண்ணூறு.
அட்டைப்பெட்டியில் ரஷ்ய எழுத்து,
உள்ளேயிருந்த இரும்பில் எந்த எழுத்தும் இல்லை.
மின்சாரப் பம்பு ஆயிரத்து நானூறு,
வயர் தனி, ரிலே தனி,
மேய்ச்சல் மலையில் அது மௌனமானால்
யாரைப் போய்க் கேட்பேன்?
ஐந்நூறுக்கு ஒன்று அகப்பட்டது.
கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு
மாப்பிள்ளைத் தோழனாய் வந்த கிழவன்.
வைத்துப் பார்த்தால் நெம்பு ஒரு விரல் குட்டை.
"லாரியுடையது," என்றான் கடைக்காரன்,
பணத்தை எண்ணி முடித்த பிறகு.
திரும்ப வாங்க அரைமணி நேரம் கத்தினேன்.

கடைசி வரிசையில் இஸ்ஹார்.
விலையே சொல்லவில்லை.
என் பழைய பம்பைக் கையிலிருந்து பிடுங்கி
சுற்றியிருந்த திருகாணிகளைக் கழற்றி
கந்தலான வட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்:
"செத்தது இது மட்டும்தான்."
இழுப்பறையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம்.
வெந்நீர்ப்பைக்குள் இருக்கும் நிறத்தில் மெல்லிய தகடுகள்.
நூற்றெண்பது சோம்.
மற்றவர்கள் ஏன் இதைச் சொல்லவில்லை என்றேன்.
"அவர்கள் பம்பு விற்கிறார்கள்," என்றார்.

மாட்டினோம்.
"கைநெம்பை அசை, பெட்ரோல் ஏறட்டும்."
இழுத்தேன், காற்று.
இழுத்தேன், காற்று.
இந்த அசைவு விரல்களுக்குத் தெரிந்ததுதான்:
இரண்டு மணிக்கு ஒருமுறை
பெட்டைக் குதிரையின் அடியில் குந்தி
ஒரு முழங்காலில் வாளியை நிறுத்தி இழுப்பது.
குட்டி பக்கத்தில் நின்றால்தான் அது சுரக்கும்,
இல்லாவிட்டால் காம்பு வெறும் தோல்.
இழுத்தேன்.
பன்னிரண்டாம் தரம் விரலுக்குள் கனம் வந்தது.
"சுரந்துவிட்டது!" என்று கத்தினேன்.
இஸ்ஹாருக்குப் புரியவில்லை.
கெனேஷ்பெக்குக்குப் புரிந்தது,
சாவியைத் திருப்பினான்.

பிறகு முப்பதடி தள்ளிப்போய்
இரண்டு சிகரெட்டை ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தான்.

இரண்டு கேன் வீணாகிப்போனது. ஆறு விற்றது.
காலணி ஓர் அளவு பெரிதாக வாங்கினேன்,
பொட்டலம் இன்னொன்றும்,
அடுத்த கிழிசலுக்கு.

திரும்பும்போது மூன்றாம் வளைவில்
பழக்கத்தில் பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன்.
அது செத்து இருபது வருடம் ஆகிறது.
அதன் விலையை
நான் யாரிடமும் கேட்கவில்லை.