பீஸ் கட்டும் ஜன்னல்

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தை கூடியது
திங்கட்கிழமை என் ஜன்னலில் தெரியும்.
நோட்டில் சாணி வாசம்.
எண்ணும் இயந்திரம் இருமுறை துப்பிவிட்டு
மூன்றாம் முறை விழுங்கும்.

சாலம்மா, மத்தூர்.
மகள் இரண்டாமாண்டு, இ.சி.இ.
“பீஸ் கட்டணும் சார்.”
மஞ்சள் பையில் நாற்பத்திரண்டாயிரம்,
அதன்மேல் சுருட்டிய ஒரு கயிறு.
மாட்டை விற்றாலும் கயிற்றை விற்பதில்லை.

“எவ்வளவுக்குப் போச்சு?”
“துண்டுக்குள்ள வெரல் புடிச்சாங்க.
வெலைய யாரு வாயால சொல்றாங்க?”

பிரிண்டர் மக்கர் செய்தது.
பாதியில் விட்ட மொழியியல் எம்.ஏ.வில்
எனக்கு மிஞ்சியது ஒரே சொல்:
*ஃபெஹு.
அதையும் யாரும் காதால் கேட்டதில்லை.
பேரப்பிள்ளைகளின் மூக்கு, தாடை பார்த்து
செத்தவர் முகத்தை வரைவதுபோல் வரைந்து
தலையில் ஒரு நட்சத்திரம் வைத்தார்கள்.
ஊகம் என்று அர்த்தம்.
மாடு என்று பொருள். சொத்து என்றும்.
பிறகு பணம்.

ஜெர்மன்காரன் இன்றும் கால்நடையை ஃபீ என்கிறான்.
ஐஸ்லாந்தில் ஆட்டுக்கும் காசுக்கும் ஒரே பெயர்.
இங்கிலீஷுக்கு வந்தது மட்டும்
பிரெஞ்சு வீட்டில் கொஞ்ச நாள் தங்கி
கொம்பை அங்கேயே கழற்றிவைத்துவிட்டு வந்தது.
பெரியப்பன் மகள் ஒருத்தி
சமஸ்கிருதத்தில் வாழ்க்கைப்பட்டாள்.
பசு என்று நம் தெருவில் நிற்கிறாள்.
மாடு இவர்களுக்கு உறவே இல்லை,
ஆனாலும் செல்வம் என்றே நம் ஆட்களும் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் எல்லாம் ‘ப’தான்.
வடக்கே எவனோ உதட்டை முழுக்க மூடாமல் விட
காற்று கசிந்து ‘ஃப’ ஆனது.
ஏன் என்று தெரியாது. சட்டம் மட்டும் உண்டு,
பரீட்சையில் ஐந்து மதிப்பெண்.
அந்தச் சட்டத்தை இப்போதுதான்
என் ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று
சாலம்மா ரத்து செய்தாள்,
உதட்டை அழுத்தி மூடி:
பீஸ்.

வினைச்சொல்லும் நாம் மாற்றவில்லை.
மாட்டையும் கட்டுகிறோம்.

இதில் ஒன்றையும் அவளிடம் சொல்லவில்லை.
வரிசையில் பதினாறு பேர்.

ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
“தொகை பக்கத்துல என்னா சார், பூவு மாதிரி?”

நட்சத்திரம்மா.
கீழே பொடி எழுத்தில் அதற்கு அர்த்தம் போட்டிருக்கும்.

“படிங்க.”

செலுத்திய கட்டணம்
எக்காரணம் கொண்டும் திரும்பத் தரப்படமாட்டாது.

சரி என்று தலையாட்டி
ரசீதைக் கயிற்றின் நடுவில் வைத்துச் சுற்றினாள்.
“அடுத்தது எப்ப கட்டணும்?”