வியாழன் மதியம் தண்ணீர் வரும்

"போர்ஷன் யார் முடிப்பாங்க மேடம்?"
என்றார் மெஹருன்னிசா டீச்சர்
வருகைப் பதிவேட்டிலிருந்து தலை தூக்காமல்.

வட்டார வள மையத்திலிருந்து
பஸ் மாறி, ஷேர் ஆட்டோ மாறி
நான் சுமந்து வந்தது
சுருட்டிய சார்ட், நாலு ஸ்கெட்ச் பேனா,
செயல்திட்டவழிக் கற்றல் என்று
அட்டை போட்ட கையேடு.
அந்தக் கேள்விக்குப் பதினோராம் பக்கத்தில் பதில் இருந்தது.
நான் திறக்கவில்லை.

நான் வகுப்பெடுத்த காலத்தில்
செயல்திட்டம் என்றால் தெர்மாகோல் எரிமலை.
செய்தது ஸ்டேஷனரி கடைக்காரர்,
காசு கொடுத்தது அப்பா,
மார்க் போட்டது நான்.
பத்துக்கு ஒன்பது.
வாங்க முடியாதவனுக்கு ஆறு.

"ஒரே ஒரு பாடம் டீச்சர். வேகம்.
எப்படியும் நடத்தத்தானே போறீங்க."

சைக்கிளின் வேகம், பஸ்ஸின் வேகம்
என்று கேள்வி தயாராக வைத்திருந்தோம்.
ஜன்னலோரத்தில் கார்முகிலன் எழுந்தான்:
"மேட்டூர்ல தொறந்துட்டாங்களாம்.
நம்ம வாய்க்காலுக்கு என்னைக்கு வரும்?"

டீச்சர் என்னைப் பார்த்தார்.
நான் கரும்பலகையைப் பார்த்தேன்.
ரெண்டு பேருக்கும் தெரியாது என்பது
ஏழாம் வகுப்புக்குத் தெரிந்துபோனது.

அன்று சாயங்காலம்
முப்பத்தோரு வீட்டுப் போன்கள்
ஆற்றில் எதிரேறிப் போயின.
தென்பெரம்பூர்ச் சித்தப்பா.
மூணாறு தலைப்பில் பஜ்ஜிக்கடை வைத்த மாமா.
மன்னார்குடியில் கட்டிக்கொடுத்த அக்கா:
"நேத்து ராத்திரி வந்துச்சுடா.
முதல்ல ஒரு செருப்பு, அப்புறம் நுரை,
அப்புறந்தான் தண்ணி."

காலண்டர் தாளின் பின்பக்கத்தில்
ஊர், தூரம், நாள், மணி.
டீச்சர் சொல்லிக்கொடுத்தது ஒரு வகுத்தல்தான்.
மிச்சமெல்லாம் சண்டை.
அத்தையின் 'விடியக்காலை'
நாலு மணியா ஆறு மணியா?
ஆறு வளைந்த இடமெல்லாம்
வரைபடத்தின் மேல் நூலை வளைத்தார்கள்.
ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன்,
வாயையும் மூடிக்கொண்டேன்.
ரெண்டாவதுதான் கஷ்டம்.

விடை வந்தது.
வியாழன் மதியம் ரெண்டேகால்.
பள்ளிச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டார்கள்,
அம்புக்குறி வேறு.
அதைப் பார்த்து யாரோ ரெண்டு பேர்
விதை ஊறப்போட்டதாகச் சத்துணவு அம்மா சொன்னார்.
டீச்சருக்கு வயிற்றைக் கலக்கியது.
எனக்கும்.

வியாழன்.
வாய்க்காலில் வெடித்த சேறு, நண்டு வளை,
குறுக்கே நடந்து போன ஓர் ஆடு.
ரெண்டேகால் ஆனது, மூன்று ஆனது,
நாலரைக்கு மணி அடித்தார்கள்.

"இதுக்குத்தான் மேடம் சொன்னேன்.
புத்தகக் கணக்குன்னா
விடை பின்பக்கத்துல இருக்கும்."

அப்போதுதான் செம்மலர், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து,
யாரையும் பார்க்காமல்:
"தண்ணி வந்துருச்சு டீச்சர்.
எங்கப்பா ஷட்டர்லதான் இருக்காங்க.
காலைலயே வந்துருச்சு, கதவு வரைக்கும்.
மேற்க முறை வச்சு விடுறாங்களாம்.
நமக்கு இன்னும் உத்தரவு வரல."

"அப்ப நம்ம கணக்கு ரைட்டா தப்பா?"

யாருக்கும் பதில் வரவில்லை.
கரையில் குந்தி உட்கார்ந்தார் மெஹருன்னிசா,
முந்தானையில் சேறு பட்டதைக் கவனிக்காமல்.
"அந்த உத்தரவை யாரு போடுறது?"
என்று கேட்டார்.
டீச்சர்கள் கேட்கும் குரலில் இல்லை அது.
கார்முகிலன் காலண்டர் தாளில்
புதிதாக ஒரு கோடு இழுத்தான்,
தலைப்பு எழுதாமல்.

ஊறிய விதைக்கு என்ன ஆனதென்று
கேட்கப் பயந்துகொண்டு பஸ் ஏறினேன்.
செல்போனில் படிவம் திறந்தது.
'செயல்திட்டம் நிறைவடைந்ததா?'
ஆம். இல்லை.
ரெண்டில் ஒன்றைத் தொடாமல்
அடுத்த பக்கம் போகாது அது.
முத்துப்பேட்டை தாண்டியும்
அங்கேயே நின்றுகொண்டிருந்தது.