கிம்மாஸ், ஏழு பத்து

பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே
மாமாக் கடையின் ஈர மேசை.
யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ குப்புறக் கிடக்கிறது.
அதன் வெற்று முதுகில்தான் எங்கள் வரைபடம்:
குறுக்குக் கோடுகளோடு தண்டவாளம்,
அதைத் தொட்டும் விட்டும் ஓடும் சாலை,
தே தாரிக் குவளை பதித்த வட்டம் ஒன்று
சரியாகத் திரியாங் மேல்.
அதுவே ஊராக இருக்கட்டும் என்றான் குணாளன்.

ஞாயிறு காலை ஓடுகிறது நீராவி எஞ்சின்.
ஏழு வருடம் பட்டறையில் எலும்பெலும்பாகக் கிடந்து
புதுக் குழாய்களோடு எழுந்து வந்தது.
கிம்மாஸில் ஏழு பத்துக்குப் புறப்படும் என்கிறது அறிவிப்பு.
இருபது நிமிடம் கூட்டிக்கொள் என்கிறாள் பத்மலோசனி.
மாப்பிள்ளை வீட்டாருக்கு
நாங்கள் எப்போதும் கூட்டிக்கொள்வது அதுதான்.

மூவருக்கும் கல்யாண வீடியோதான் சோறு.
தாலி ஏறும் கணத்தை நாங்கள் தவறவிட்டதில்லை
(ஒரே ஒரு முறை;
அவர்கள் இன்னும் பாக்கி தரவில்லை).
அன்றைக்காவது, கொஞ்சம் தலையைத் திருப்புங்க தங்கச்சி,
இன்னொரு தடவை எடுப்போம் என்று கேட்க முடிந்தது.

ஒன்பதரைக்குள் எடுத்துவிட வேண்டும்.
வெயில் ஏறினால் ஆவி பிறந்த இடத்திலேயே கரைந்துவிடும்,
கறுப்பு இரும்பு மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

ஏற்றம் எங்கே என்று எந்த வரைபடமும் சொல்லவில்லை.
பள்ளிக்குச் சைக்கிள் மிதித்த என் தொடை சொன்னது:
ரொம்பின் தாண்டி, சின்னப் பாலத்துக்கு முன்னால்.
எஞ்சினும் அங்கேதான் மூச்சு வாங்கும்.
அங்கே மைக்கோடு பத்மலோசனி.
நான் இருமக்கூடாது. கொசு கடித்தாலும் அடிக்கக்கூடாது.

பிறகு இருபுறமும் செம்பனை.
எங்கே நின்றாலும்
மட்டைகளுக்கு இடையில் துண்டு துண்டாய்த்தான் வரும் ரயில்.
மரம் சாய்த்து மறுநடவு செய்த பிரிவு ஒன்றில் மட்டும்
முழங்கால் உயரக் கன்றுகள்,
அதற்கு மேல் வெறும் வானம்.
கேட்டில் நேப்பாளிக் காவலர் தீபேந்திரா.
கையெழுத்து இல்லாமல் ஈ நுழையாது.
மேனேஜர் மகள் நிச்சயதார்த்தத்துக்கு
ஆல்பம் இலவசம் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

கெமாயானில் தண்ணீர்.
நிலையத்தில் தொட்டி இல்லாததால்
பொம்பா லோரி வந்து குழாய் மாட்டும்.
நாற்பது நிமிடம் அது குடிக்கும்.
அந்த நாற்பதுக்குள் எங்களுக்கு
நாசி லெமாக், கழிவறை, டிரோன் பேட்டரி,
ஞாயிறென்றும் பாராமல் ஓடும் பழக்குலை லோரிகள்,
முந்த முடியாத மூன்று வளைவு.

எல்லாம் எழுதி முடித்தபோது
குணாளன் கேட்டான்:
நான் எங்கே நின்று பார்க்கிறது?

கேமரா என்னிடம். மைக் அவளிடம்.
அவனுக்குச் சாலை, பெட்ரோல் முள்,
தப்பிக்கும் பக்கம் முகம் திருப்பி
உறுமிக்கொண்டு நிற்கும் மைவி.
ஒன்பது வருடக் கல்யாணங்களிலும்
மண்டபத்துக்கு வெளியே ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றவன்.
ஒரு மணப்பெண் முகமும் அவனுக்குத் தெரியாது.
எனக்கு இது இப்போதுதான் தெரிகிறது.

பத்மலோசனி பேனாவை அவன் பக்கம் தள்ளினாள்.
மெங்காராக், என்றான்.
சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.
கேமரா பைக்குள் இருக்கட்டும்.

அதற்குள் உச்சி வெயில் வந்துவிடும், குணா,
ஆவி தெரியாது என்றேன்.

பரவாயில்லை என்றான்.

அவன் வைத்த புள்ளியில் மை வரவில்லை.
அழுத்திய இடம் மட்டும் குழிந்து
பத்திரிகையின் மறுபக்கம்
மணமக்கள் பெயருக்குக் கீழே
சின்னதாகப் புடைத்துக்கொண்டு நின்றது.

நாளைக்கு மேனேஜரைப் பார்க்க வேண்டும்.
அந்த நீலச் சட்டையைத் தேய்த்து வை என்றாள்.
ரோத்தி சானாய் காசை
யார் கொடுப்பது என்பதில்தான் கொஞ்சம் சண்டை.