ஒன்பதாம் மாதம்

முப்பத்தோரு வருஷம்
அடுத்தவர் முதுகைப் படம் பிடித்தேன்.
மூச்சை இழுங்க. பிடிங்க. விடுங்க.
துறைமுகம் தெரியும் அந்த ஆஸ்பத்திரியில்
வெளிச்சப் பலகையில் மாட்டிய முள்ளெலும்புகளில்
ஒன்றுக்கும் நான் ஊர் பேர் கேட்டதில்லை.

போன ஆகஸ்டில்
திரையில் இருந்தது என்னுடையது.
இரண்டு கம்பி, ஆறு திருகாணி.
பார்த்ததும் தோன்றியது
பயமில்லை, வேறொன்று:
பந்தை நிறுத்துகிற மரமுளை ஆறை
யாரோ குத்தி வைத்துவிட்டு
பந்து எடுக்கப் போயிருக்கிறார்கள்.

டாக்டர் காலண்டரைப் பார்த்துச் சலுகை தந்தார்.
ஆறாம் வாரம் உருட்டலாம்.
நாலாம் மாதம் மெல்லத் தட்டலாம்.
ஒன்பதாம் மாதம்,
பார்க்கலாம்.
பிள்ளைத்தாய்ச்சிக் கணக்கு.
அறுபத்திரண்டு வயதில்.

வீட்டுக் கம்பளத்தில்
காப்பிக் கோப்பையைச் சாய்த்து வைத்து
ராத்திரியெல்லாம் உருட்டினேன்.
கீழ்வீட்டு நாயுடு பையன் மாடியேறி வந்து
"அக்கா, கோலியா?" என்றான்.

இன்று செவ்வாய். மே மாதம்.
உம்கெனி ஆற்றோரம், மணி ஏழு.
கிகூயுப் புல்லில் பனி காயவில்லை.
ஹடீடாக்கள் எதற்கோ கத்துகின்றன,
வழக்கம்போல எதற்குமில்லாமல்.
தனபாக்கியம், ஷிரீன், நோம்வூலா
மூவரும் என் பைவண்டியை இழுக்கப் போட்டியிட்டார்கள்.
இதே தனபாக்கியம்தான்,
என் பந்து ஓர் அங்குலம் நகர்ந்ததா இல்லையா என்று
போன வருஷம் மூன்று வாரம்
என்னோடு பேசாமல் இருந்தவள்.

முதல் அவமானம் அடிப்பதில் இல்லை,
குனிவதில்.
முளையை ஊன்ற வேண்டும். அதன் தலையில் பந்து உட்கார வேண்டும்.
லோஷ்னி பழக்கியபடி
இடுப்பை மடக்காமல், முழங்காலை மடக்கி,
முட்டையிடப் போகும் கோழி மாதிரி
இறங்கினேன்.
ஒருத்தி சிரிக்கவில்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏழாம் நம்பர் இரும்பு.
முன்பெல்லாம் முதுகுதான் அடிக்கும், கை கூடப் போகும்.
இன்று முதுகு பூட்டிய கதவு.
தோள் போய்த் தட்டிப் பார்த்துத் திரும்பி வந்தது.
பந்துக்கு உச்சந்தலையில் அடி.
இருபது தப்படி ஓடி
நின்றுகொண்டது.
வேலிமேல் குரங்கொன்று,
பந்து திருடுவதே தொழிலாகக் கொண்டது,
இதை எடுக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

இரண்டும் மூன்றும் பேருக்கு.
நான்காவதுக்கு
குழியிலிருந்து மணல் மட்டும் வெளியே வந்தது.
ஐந்தாவதுக்குப் பந்தும்.
ஆறாவது,
எப்படி என்று கேட்காதீர்கள்,
சத்தமே இல்லாமல் கிளம்பியது.
அடித்த செய்தி கைக்கு வந்து சேரவில்லை.
ஆற்றுக்காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து
கொடிக்கு இந்தப் பக்கம் இறங்கி
இரண்டு துள்ளு, அவ்வளவுதான்.
மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன்.
விடச் சொல்ல ஆளில்லை.
நானே விட்டேன்.

அப்புறம் மூன்று உருட்டல்.
குழியில் பந்து விழும் ஓசைக்கு
காப்பிக் கோப்பை கிட்டவே வராது.
ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து மகன் அனுப்பிய
ரப்பர்க் கிண்ணம் மட்டைப் பிடியின் நுனியில்.
குனியாமலே பந்தை உறிஞ்சி எடுக்கும், நாற்பது ராண்ட்.
எடுத்தேன்.
கொஞ்சம் மண்ணும் வந்தது.

அட்டை தனபாக்கியத்திடம்.
பென்சில் நுனியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:
"மோகி, ஆறு போட்டுக்கட்டுமா?"
ஷிரீன் கையுறை கழற்றுவதில் மும்முரமானாள்.
நோம்வூலா ஆற்றைப் பார்த்தாள்.

"ஒன்பது."

"மொத அடிய விட்டுடலாம், ஒடம்பு சரியில்லாத..."

"ஒன்பது, தனபாக்கியம்."

எழுதினாள்.
பிறகு தலை நிமிர்ந்து
பழைய பகை முழுசாகத் திரும்பிய கண்ணோடு
என்னைப் பார்த்தாள்.
"அப்ப சரி. மணல் குழியில அடிக்கிறதுக்கு முந்தி
மட்டைய ஊனினே. நான் பாத்தேன்.
அபராதம் ரெண்டு. பதினொண்ணு."

இரண்டாம் குழிக்கு நடந்தோம்.
என் வண்டியை
யாரும் இழுக்க வரவில்லை.