ரெண்டு ஆம்பூர்

படிவத்தில் ஒரு கட்டம்:
'மாணவரின் விருப்பம்.'
நான்தான் நிரப்பினேன்.
அவனைவிட என் கையெழுத்து அழகு,
அதனால்தான்.
அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் வகுப்பு, தொழிற்கல்வி, நர்சிங் பிரிவு.
சபையில் யாராவது கேட்டால் அவன் அப்பா
'சயின்ஸ் குரூப்' என்பார்.
விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியை
பீரோவில் திணித்துச் சாத்துவதுபோலச் சாத்திவிட்டு
பாலாற்றில் தண்ணி வந்ததைப் பேச ஆரம்பிப்பார்.
பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டு
சீலன் பக்கத்திலேயே நிற்பான்.

நான் அப்படி இல்லை என்று நினைத்திருந்தேன்.
ஷிஃப்ட் முடிந்து வந்து
அவன் வெள்ளைக் கோட்டுக்கு நீலம் போட்டவள் நான்.
பிரஷர் பார்த்துப் பழக
என் கையைத்தான் நீட்டினேன்.
நீட்டிய கையோடு,
'இப்ப காத்த விடு, இப்ப விடு' என்று
நானேதான் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

சத்துவாச்சாரியில் ஒரு சின்ன மருத்துவமனை.
பத்து நாள் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள்.
மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா,
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு.
'பேர் என்னப்பா?'
'ஜெபசீலன்' என்றேன்.
'எந்த ஸ்கூல்?'
சொன்னேன்.
'ஊசின்னா பயமா?'
'சின்னதுல இருந்தே தைரியசாலி மேடம்' என்றேன்.
அவர் பேனாவை மூடினார்.
'பயிற்சிக்கு வரப்போறது நீங்களாம்மா?'

சிரித்தேன். அவரும் சிரித்தார்.
சீலன் சிரிக்கவில்லை.

'பேஷண்ட் மயங்கி விழுந்தா
முதல்ல என்ன செய்வே?'
அவன் திரும்பி
என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
லைனில் புதிதாகச் சேர்ந்த பெண்கள்
ஒவ்வொரு தையலுக்கும் சூப்பர்வைசர் முகத்தைப் பார்ப்பார்கள்.
அவர்கள் தைத்த அப்பர்தான்
வளைவில் பிசகும்.

பதினேழு வயதில்
கம்பெனி கேட்டில் தனியாக நின்றேன் நான்.
'மிஷின் ஓட்டத் தெரியுமா?'
தெரியும் என்று பொய் சொன்னேன்.
அடிவயிறு நடுங்கியது.
என் பிள்ளைக்கு இந்த நடுக்கம் வேண்டாம் என்று
பிள்ளை பிறக்குமுன்பே முடிவெடுத்தேன்.
நடுக்கத்தைப் பிரித்து எடுத்தபோது
அதோடு சேர்த்துத் தைத்திருந்த எது
கையோடு வந்துவிட்டது என்று
பார்க்கவே இல்லை.

'தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்' என்று எழுந்தேன்.
தாகமெல்லாம் இல்லை.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே
தண்ணீர் கேனும் காலி.
உள்ளே அவன் வாய் அசைந்தது.
நின்றது.
மறுபடி அசைந்தது.
இரண்டு கையாலும் காற்றில் யாரையோ
ஒருக்களித்துப் படுக்கவைத்தான்.
அது சரியா தப்பா, எனக்குத் தெரியாது.
கதவைத் தள்ளப்போன கையை
முந்தானையில் சுற்றிக்கொண்டேன்.

வந்தான்.
'சொல்லி அனுப்பறாங்களாம்.'
அவ்வளவுதான்.
இன்னா கேட்டாங்க, நீ இன்னா சொன்னே,
அந்தம்மா மூஞ்சி எப்படி இருந்துச்சு
எல்லாம் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றன,
ஷிஃப்ட் மாறும் நேரத்து கேட் மாதிரி.

பஸ்ஸில் நல்ல கூட்டம்.
பொய்கை தாண்டித்தான் கண்டக்டர் வந்தார்.
பர்ஸைத் திறந்தேன்.
அதற்குள் நூறு ரூபாய் நோட்டு ஒன்று
என் தலைக்கு மேல் நீண்டது.
'ரெண்டு ஆம்பூர்.'
தேவைக்கு மேல் சத்தமாக,
பாதியில் உடைந்த குரல்.

மீதியை எண்ணினான்.
பத்து ரூபாய் குறைகிறது.
எனக்கு வாங்கும்போதே தெரிந்துவிட்டது.
கண்டக்டர் முன்படிக்கட்டுக்குப் போய்விட்டார்.
பள்ளிகொண்டா போயிற்று.
மாதனூர் வரப்போகிறது.
அவன் உள்ளங்கையை விரித்து
மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறான்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிறேன்.
இறுக்கி.